பக்கத்து வீட்டுக்காரன் போட மாட்டான்

செனட்டர் ரோவீனா ஹாஸ்கெலுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவருக்காக உருகுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்களை மேடையிலேயே "கிளி ஜோசியக்காரங்க" என்கிற தோரணையில் நக்கலடித்தவர் அவர். நக்கலடித்த அதே வாயால் நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை என்னை போனில் கூப்பிட்டு, "கெண்ட்ரிக், சனிக்கிழமை நீங்க ஆளுங்களைக் கூட்டிப் பேசறதை நான் நேர்ல பார்க்கணும்" என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அடுத்த வருஷம் ஜனாதிபதி தேர்தல். எங்கள் கட்சியில் வேட்பாளராவதற்குத் தாக்குப்பிடித்து நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹாஸ்கெல். இன்னொருவர் டெக்ஸ்டர் போல்க் என்ற கவர்னர், வெறும் வெந்நீர் மாதிரி மனிதர், யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போக மாட்டார். நான் பென்சில்வேனியா மாநிலத்தில் எடுத்த கணிப்பின்படி, போல்க் நின்றால் இப்போதைய ஜனாதிபதியை இரண்டு சதவீதப் புள்ளியில் தோற்கடிப்பார். ஹாஸ்கெல் நின்றால் மூன்று புள்ளியில் தோற்பார். நடக்காத இரண்டு தேர்தலுக்கு நான் போட்ட கணக்கு இது. ஆனால் கட்சிக்குப் பணம் கொடுக்கிற பெரிய மனிதர்கள் அதை நடந்து முடிந்த தேர்தல் போலத்தான் படிப்பார்கள். திங்கட்கிழமை அவர்கள் கூடுவதாக இருந்தது. ஹாஸ்கெல் தேறுவார் என்று என் கடைசி அறிக்கை சொன்னால் அவர் களத்தில் இருப்பார். தேறமாட்டார் என்றால் செவ்வாய்க்கிழமை மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "இந்த ரெண்டு பேர்ல உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் ஹாஸ்கெல் பதினோரு புள்ளி முன்னால் நின்றார். "யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்டால் எல்லாரும் போல்க்கைக் காட்டினார்கள். ஏன் என்றால், "எனக்கு ஒண்ணுமில்லீங்க, பக்கத்து வீட்டுக்காரன் அந்தம்மாவுக்குப் போட மாட்டான்" என்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரு நாள்கூட அவனை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் ஸ்க்ராண்டன் நகரத்துக்கு வெளியே, நகப்பூச்சுக் கடைக்கும் வருமான வரிக் கணக்கரின் அலுவலகத்துக்கும் நடுவில் இருந்த வாடகை அறையில் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள் போனில் கேட்டபோது "ஹாஸ்கெலுக்குப் போட மாட்டேன்" என்றோ "இன்னும் முடிவு பண்ணலை" என்றோ சொன்னவர்கள். அறையின் ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கத்து இருட்டறையிலிருந்து பார்த்தால் அது வெறும் ஜன்னல். அங்கே ஒரு கிண்ணம் சாக்லேட்டும் ஒரு தட்டு சாண்ட்விச்சும் இருக்கும், பணம் கொடுத்த புண்ணியவான்கள் தின்றுகொண்டே பார்ப்பார்கள். ஹாஸ்கெல் எதையும் தொடவில்லை, உட்காரவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பன்னிரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் என்றால் மனசில் இருப்பது வெளியே வராது. இரண்டே நாள் அவகாசத்தில் ஆள் பிடிக்க வேண்டியிருந்ததால், எங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஷெல்பி என்ற புத்திசாலி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். மார்லின் கேப் என்ற ஊரின் தீயணைப்புத் தொண்டர் படை மான் வேட்டைத் துப்பாக்கியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு விற்றிருந்தது. சீட்டு வாங்கியவர்களின் போன் நம்பர்களை அவளுடைய மாமா கொடுத்தார். எங்கள் கணிப்புப் பட்டியலிலும் இருந்த நம்பர்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டாள். "வேற யாரையாவது தெரியுமான்னு கேட்டா இல்லைன்னு சொல்லணும், இல்லாட்டி கவர் கிடையாது" என்று ஒவ்வொருவருக்கும் பாடம் வேறு. ஆக, ஒரே ஊரில் பிறந்து வளர்ந்து ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேர், நூற்றைம்பது டாலர் கவருக்காக அந்நியர்கள்போல நடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

"நான் லாயிட் டெம்சாக். அடிபட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்தற பட்டறை வச்சிருக்கேன்" என்றார் முதல் ஆள், அறுபது வயசு, கழுத்து இல்லாத உடம்பு.

"பெர்னடெட். ஸ்கூல் பஸ் ஓட்டறேன்" என்றாள் அடுத்தவள். லாயிட் கையை நீட்டினார். அவள் இரண்டு விரலைக் கொடுத்து எடுத்துக்கொண்டாள்.

"கிளைட். ஹார்டுவேர் கடை. உங்களையெல்லாம் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்" என்றார் மூன்றாவது ஆள். அதை அவர் சொன்ன பவ்வியத்தில் பின்னால் இருந்த இரண்டு பேர் இருமினார்கள். நான் ஜலதோஷ காலம் என்று நினைத்தேன்.

வழக்கம்போல முதலில் சீட்டு கொடுத்தேன். "நாளைக்கே தேர்தல், ஹாஸ்கெலும் ஜனாதிபதியும்தான் நிக்கறாங்க. யாருக்குப் போடுவீங்க? பேரோட எழுதி மடிச்சுக் குடுங்க. நான் ஒருத்தன்தான் பார்ப்பேன். பார்த்ததும் கிழிச்சிடுவேன்" என்றேன். பேச்சோடு ஒத்துப் பார்க்கப் பேர் வேண்டும். பேச்சு முடிகிறவரை நான் பிரிக்க மாட்டேன், என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பன்னிரண்டு சீட்டையும் ஃபைலுக்குள் செருகிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஹாஸ்கெலைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

பெர்னடெட்தான் முந்திக்கொண்டாள். "எனக்கொண்ணும் இல்லீங்க. விவரமான பொம்பள. ஆனா எங்க தெருவுல ஒருத்தன் இருக்கான். வண்டிப் பட்டறைக்காரன்னே வச்சுக்குங்களேன். பொம்பளைன்னா காபி ஊத்திக் குடுக்கப் பொறந்தவன்னு நினைப்பு. அவன்லாம் போடுவானா?"

லாயிட் முகம் சிவந்தது. "அப்படீங்களா? எங்க ஊர்லயும் ஒரு அம்மா இருக்கு. அதுவும் என்னமோ மஞ்ச வண்டிதான் ஓட்டுது. சர்ச்சுல ஆர்கன் வாசிக்க வேற ஒருத்தியைப் போட்டாங்கன்னு மூணு மாசம் வாசப்படி மிதிக்கல. இன்னொரு பொம்பள மேல வந்தா அதுக்கு வயிறு எரிஞ்சுடும். அது போடுமா?"

"ஆளாளுக்கு ஒருத்தர் இருக்கத்தான் செய்யறாங்க" என்றார் கிளைட், பெரிய நியாயவான் மாதிரி.

"ஆமாங்க, கடைக்காரர்லகூட இருக்காங்க" என்று மூலையில் இருந்த ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி ஆரம்பித்தாள். "ஆணி எடை போடறப்ப விரலையும் சேர்த்து எடை போடறவரு. அந்தம்மா வந்தா வரி போட்டுடுவாங்கன்னு ராத்தூக்கம் இல்லாம கிடக்காரு. அவரு போடவே மாட்டாரு."

"எந்தக் கடைங்க அது?" என்றார் கிளைட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் வேற ஊராச்சே."

எனக்கு ஒரே குஷி. இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரனை இவ்வளவு அங்க அடையாளத்தோடு யாரும் சொன்னதில்லை. நோட்டில் "பிரமாதம்" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். என்னைப்போல ஒரு மடையன் அந்த மாவட்டத்தில் அன்றைக்கு இருந்திருக்க மாட்டான்.

கதவு தட்டப்பட்டது. வரவேற்பறைப் பெண்மணி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள் இப்படிக் கேள்வி எழுதி அனுப்புவது வழக்கம். ஹாஸ்கெலின் கையெழுத்து: "இவங்க எல்லாரும் ஒரே ஊர். பஸ்காரம்மாவைத் தெரியுமான்னு பட்டறைக்காரரை நேரா கேளுங்க." நான் அதைக் கசக்கிப் பையில் போட்டேன். தன்னைத் திட்டுவதைக் கேட்டால் எந்த வேட்பாளரும் சதி என்றுதான் சொல்வார். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று வந்தது: "முட்டாளே, அவர் மூஞ்சியைப் பார்."

அந்த 'முட்டாளே'வுக்காகவே நான் லாயிட்டின் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

அதற்குள் பெர்னடெட் சூடேறியிருந்தாள். "அவன் மனுஷனே இல்லீங்க. சொந்த அண்ணன் சாவுக்கு வந்தவன், பெட்டியைக் குழிக்குள்ள இறக்கறதுக்கு முன்னாடியே மான் வேட்டைக்குக் கிளம்பிட்டான்."

"அண்ணி!" என்று லாயிட் மேஜையில் அடித்தார். "அதை இங்க இழுக்காதே. என்னால அங்க நிக்க முடியல, அதான் போனேன். உனக்கு அது தெரியும்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

கிளைட் தொண்டையைக் கனைத்தார். "சார், கவரைத் திருப்பி வாங்கிடுவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஹாஸ்கெல் வந்து நின்றார். டிவியில் பார்ப்பதைவிடக் குள்ளம், கோபத்தில் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். இதற்கு முன் எந்த வேட்பாளரும் கண்ணாடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. வரக்கூடாது. அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான் எண்ணூறு பேர் இருக்கற ஊர்ல பொறந்தவ. ஒரே ஊர்க்காரங்க பேர் சொல்லாம திட்டிக்கறது காதுல விழுந்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். நேராக வந்து என் கைக்கு அடியிலிருந்து ஃபைலை இழுத்தார்.

"செனட்டர், அது வேண்டாம். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"உட்காரு கெண்ட்ரிக். நீ பண்ணின வேலை போதும்."

நான் பாய்ந்து பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. அதுதான் உண்மை, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து உரக்கப் படித்தார். "கிளைட், ஹாஸ்கெல். பெர்னடெட், ஹாஸ்கெல்." நர்ஸ், ஹாஸ்கெல். மூன்று பேர் ஜனாதிபதிக்கு எழுதியிருந்தார்கள், அதையும் விடாமல் படித்தார். கடைசியில் ஒரு சீட்டைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தார். கண் பளபளத்தது. "லாயிட். ஹாஸ்கெல்."

பிறகு மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். "பன்னிரண்டுல ஒன்பது. நீங்க எல்லாரும் இவ்வளவு நேரம் காட்டிக்கிட்டு இருந்தீங்களே ஒரு பக்கத்து வீட்டுக்காரன், அது இவர்தானே? இவரே எனக்குத்தான் போட்டிருக்கார். இவர் காட்டின பஸ்காரம்மாவும் எனக்குத்தான். ஆணிக் கடைக்காரரும் எனக்குத்தான். அந்த இன்னொருத்தன் எங்கேங்க? அவனைக் காட்டித்தானே என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கறாங்க! அவன் இல்லவே இல்லை."

எனக்குப் புல்லரித்தது. பிடிக்காத மனுஷியாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த ஒரு நிமிஷம் நானே அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பேன். கைதட்டலுக்காக அவர் நிறுத்தினார்.

ஒருவரும் தட்டவில்லை. பெர்னடெட் லாயிட்டைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டாள். "அடப்பாவி! பட்டறை வாசல்ல ஜனாதிபதி பேரைக் கதவு அகலத்துக்குப் பலகை அடிச்சு நட்டு வச்சிருக்கியேடா!"

"போன வருஷம் என் கடைக்கு வந்து, நீயும் ஒரு பலகை வைன்னு என்னை நச்சரிச்சது இவன்தான்" என்றார் கிளைட்.

லாயிட் மெதுவாக எழுந்தார். என்னைத்தான் முதலில் பார்த்தார். "நீ ஒருத்தன்தான் பார்ப்பேன்னு சொன்னே."

"சொன்னேன்" என்றேன்.

ஹாஸ்கெல் பக்கம் திரும்பினார். "என்கிட்ட வேலை செய்யறவன் அஞ்சு பேரும் ஜனாதிபதியோட கட்சி. வர்ற வண்டியில முக்காவாசி அந்தக் கட்சி. உங்க ஆள் போன் பண்ணப்ப அவங்க நடுவுல நின்னுக்கிட்டு, ஜனாதிபதிக்குத்தான்னு சத்தமா சொன்னவன் நான். ஓட்டுப் போடற இடத்துல எதுக்கும்மா தடுப்பு வச்சிருக்கான்? முப்பத்தொரு வருஷமா நான் யாருக்குப் போடறேன்னு என் பெண்டாட்டிக்கே தெரியாது. நீங்க ரெண்டே நிமிஷத்துல ஊருக்கே தமுக்கடிச்சிட்டீங்க."

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு, லாயிட்?" என்றார் ஹாஸ்கெல். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் அந்த அறையில் கேட்கக்கூடாத ஒரே கேள்வி அதுதான்.

"பார்த்தீங்களா? வெட்கமாம்! எனக்கு வெட்கம்னு யாரு சொன்னது? அது என்னோட சமாச்சாரம், அவ்வளவுதான். என் ஓட்டு எங்கிட்ட இருந்தவரைக்கும் உங்களுக்குத்தான் இருந்துச்சு. இனிமே கிடையாது. தடுப்புக்குப் பின்னாடி தனியா நின்னாலும் கிடையாது."

சிரித்துக்கொண்டிருந்த பெர்னடெட் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து லாயிட் பக்கத்தில் போய் நின்றாள். "எங்களுக்குள்ள நாங்க ஆயிரம் சொல்லிக்குவோம். அது எங்க வீட்டு விவகாரம். கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேட்டுட்டு, எங்களை எங்களுக்கே பிரிச்சுக் காட்ட வந்தியா? என் சீட்டையும் படிச்சியே, என்னைக் கேட்டியா? உன் சங்காத்தமே வேணாம், போ."

"அம்மா, நான் உங்களுக்காகத்தான்..."

"எங்களுக்காகவா!" என்றாள் நர்ஸ். அதோடு சரி. பன்னிரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். ஏழெட்டு பேர் கவரைக்கூட எடுக்கவில்லை. லாயிட்டின் வண்டி கிளம்பாமல் முனகியபோது, பெர்னடெட் தன் வண்டியிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டு போய் அவர் பேட்டரியில் மாட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாஸ்கெலும் பார்த்தார். அந்த ஊர் அன்றைக்கு ஒன்றாகிவிட்டது, இவருக்கு எதிராக.

ஞாயிற்றுக்கிழமை காலை விஷயம் டிவிக்கு வந்துவிட்டது. கிளைட்தான் உள்ளூர் நிருபரிடம் சொல்லியிருக்கிறார். "ரகசியச் சீட்டைப் பிடுங்கிப் படித்த செனட்டர்" என்று ஒரு சேனல், "இன்று உங்கள் சீட்டு, நாளை?" என்று இன்னொன்று. ஜனாதிபதியின் ஆட்கள் மத்தியானத்துக்குள் விளம்பரமே தயாரித்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் ஒரு மாநிலம் ஆகமாட்டார்கள், வாஸ்தவம். ஆனால் மாநிலம் முழுக்க லாயிட்டுகள் இருந்தார்கள், அத்தனை பேரும் டிவி பார்த்தார்கள்.

நான் வீட்டில் உட்கார்ந்து பழைய கணிப்பை மறுபடி எடுத்தேன். லாயிட் போனில் பொய் சொன்னதாகச் சொன்னது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் போனில் பேசும்போது, பதில் சொல்கிறவர் பக்கத்தில் ஆள் இருப்பதுபோலச் சத்தம் கேட்டால் ஒரு கட்டத்தில் டிக் போடுவார்கள். எப்போதோ யாரோ சேர்த்த கட்டம் அது. நான் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பதில் சொன்னவர்களை ஒதுக்கிவிட்டுத் தனியாக இருந்தவர்களை மட்டும் எண்ணினால், ஹாஸ்கெல் ஜனாதிபதியை நான்கு புள்ளியில் ஜெயித்தார். போல்க்கைவிட இரண்டு மடங்கு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அதே நான்கு.

சாயங்காலம் ஹாஸ்கெலே கூப்பிட்டார். அழுதிருப்பார் என்று நினைத்தேன். குரலில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இந்த நான்கு புள்ளியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் என்னை முட்டாள் என்று எழுதியது ஞாபகம் இருந்தது, அவர் சொன்னதுதான் சரி என்பதும் ஞாபகம் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படின்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் ஜெயிச்சுக்கிட்டுதான் இருந்தேனா?"

"ஆமாம்."

"அப்ப நீ அறிக்கையில என்ன எழுதி வச்சிருந்தே?"

"மூணு புள்ளியில தோத்துடுவீங்கன்னு."

"இப்ப அதைத் திருத்தப் போறியா?"

"தேவையில்லை செனட்டர்" என்றேன். "இப்ப அது சரியாயிடுச்சு."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவைத்தேன்.